எடை குறைத்த சக்கரம்

அவனை ஏன் பிடிக்காது என்று கேட்டால், முதலில் அவன் கியர் மாற்றும் விதத்தைத்தான் சொல்வேன். அந்தக் காலத்துக் கார்களில் கியர் மாற்ற கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் பல்லோடு பல் உரசித் தெருவே திரும்பிப் பார்க்கும். பினாங்கில் எல்லா டிரைவருக்கும் அந்தச் சத்தம் வரும். எனக்கும் வரும், எப்போதாவது. அவனுக்கு மட்டும் வராது.

நான் நார்தாம் ரோட்டில் ஒரு சீன அரிசி வியாபாரியிடம் டிரைவர். இளவயது முதலாளி. கூரையை மடித்துவிடக்கூடிய வேகமான கார் ஒன்றைக் கப்பலில் தருவித்திருந்தார். அவன் என் முதலாளியின் தங்கை புருஷனிடம் டிரைவர். அதே கார், நிறம்தான் வேறு. இரண்டு பேருமே தமிழர்கள், வயதிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. இருந்தும் என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். அந்த மரியாதைகூட எனக்குக் கசக்கும். நாளெல்லாம் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பான், அவன் வெள்ளை உடுப்பில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்காது. என் உடுப்பைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளியும் அவர் மச்சானும் பாலிக் புலாவ் மலைப்பாதையில் காரை விரட்டச் சொல்வார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், ஓட்டுவது நாங்கள். ஒவ்வொரு வளைவிலும் நான் கியரை மாற்றி எஞ்சின் மூச்சு வாங்குவதற்குள் அவன் அடுத்த வளைவில் இருப்பான். என் முதலாளி திட்டியிருந்தால் பரவாயில்லை. மச்சான் காரின் முதுகைப் பார்த்தபடி பேசாமல் வருவார்.

பிறகுதான் சங்கதி தெரிந்தது. டத்தோ கெராமட் ரோட்டுப் பட்டறையில் அவன் பிளைவீலைக் கழற்றிக் கடைசல் மெஷினில் கொடுத்துச் சீவி இளைக்க வைத்திருக்கிறான். பிளைவீல் என்பது எஞ்சினின் பின்னால் மாட்டியிருக்கும் கனத்த இரும்புச் சக்கரம். எஞ்சின் தடுமாறினாலும் விடாமல் சுற்றவைப்பது அந்தக் கனம்தான். மறுநாளே நானும் போய் நின்றேன். முதலாளியிடம் ஏற்கெனவே தலையாட்டல் வாங்கியாகிவிட்டது.

பட்டறைக்காரர் தமிழ் முஸ்லிம். எல்லோரும் அவரை "நானா", அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். என் காரின் சக்கரத்தைக் கழற்றித் தரையில் வைத்து, பக்கத்தில் குந்தினார்.

"இத அப்படியே விட்டா நல்லது தம்பி. கனமா இருந்தா உன் கால் தப்பு பண்ணாலும் அது மன்னிச்சிரும். மெதுவா ஏறும், மெதுவா இறங்கும். டவுனுக்கு அதான்லா வசதி."

"மலைக்கு?"

"மலைக்குக் கொஞ்சம் எடுக்கலாம். ஓரத்துல மட்டும். சட்டுனு ஏறும். ஆனா சட்டுனு செத்தும் போகும், அத மறந்திராத."

"அவனுக்கு எவ்வளவு எடுத்தீங்க?"

நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவனுக்கு நெறைய எடுத்தேன். அதுக்கு மேல எடுத்தா சக்கரம் வெடிச்சிரும். ஒனக்கு எதுக்கு அவ்வளவு? பாதி எடுக்கிறேன், அதுவே ஜோரா ஓடும்."

பாதியா? அவனில் பாதியா நான்? அவனுக்கு எடுத்த அளவு, ஒரு மயிரிழைகூடக் குறையக் கூடாது என்றேன். நானா தோளைக் குலுக்கிவிட்டுச் சக்கரத்தைக் கடைசலில் ஏற்றினார். இரும்புச் சுருள் சுருளாக உதிர்ந்தது. நான் கடைசிவரை நின்று பார்த்தேன். தராசில் நிறுத்துக் காட்டவும் சொன்னேன். அவனுடைய சக்கரத்தின் எடைதான் என்று நானா சத்தியம் செய்த பிறகே நிம்மதி.

அடுத்த ஞாயிறு மலையில் அவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன். அதற்கடுத்த வாரம் ஒரு வளைவில் முந்தியேவிட்டேன். என் முதலாளி கைகொட்டிச் சிரித்தார். அவன் இறங்கி வந்து, "கலக்கிட்டீங்கண்ணே" என்றான். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டிருப்பேன்.

டவுனில்தான் தலைவலி. மாட்டுவண்டிக்குப் பின்னால் ஊர்ந்தால் எஞ்சின் பொசுக்கென்று நின்றுவிடும். உறுமவிட்டு உறுமவிட்டுச் சமாளித்தேன். முதலாளிக்கு அந்த உறுமல் பிடித்திருந்ததால் பிழைத்தேன்.

அப்போதுதான் முதலாளியின் தாயார் இறந்தார். சீனர் வழக்கப்படி இறந்தவரின் பெரிய படத்தைப் பூ சுற்றி ஒரு காரில் நிறுத்தி, ஊர்வலத்தின் முன்னால் கொண்டுபோவார்கள். கூரை மடங்கும் கார் ஆயிற்றே, எங்கள் காரையே அலங்கரித்துவிட்டார்கள். பத்து காந்தோங் என்ற இடத்திலுள்ள இடுகாடு வரைக்கும் நடை வேகம். பின்னால் மேளம், பிள்ளைகள், சொந்தபந்தம், பாதி நார்தாம் ரோடு.

வாசலைத் தாண்டியதும் எஞ்சின் நின்றது. கிளப்பினேன். மரத்தடி வரை போய் மறுபடி நின்றது. பேட்டரி சோர்ந்துபோனதால் இறங்கி முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றினேன். கிளம்பியது, நாலடி உருண்டது, செத்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. அவசரத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டேன், அதனால் இன்னும் சீக்கிரம் நின்றது.

கூட்டத்துக் கிழவிகள் ஓலமிட ஆரம்பித்தார்கள். வீட்டை விட்டுப் போக அம்மாவுக்கு மனசில்லையாம். பூசாரி காகிதம் கொளுத்தினார். என் முதலாளி, துக்கத்துக்குச் சாக்குத்துணி போர்த்திய மனுஷர், கொதிக்கிற தார்ச்சாலையில் காருக்கு முன்னால் மண்டியிட்டு, வாங்கம்மா போகலாம் என்று படத்தைப் பார்த்துக் கெஞ்சி அழுதார்.

அம்மா அல்ல, பிளைவீல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மனுஷரைத் தார்ச்சாலையில் முட்டிபோட வைத்தது என் கைவேலை என்று எந்த வாயால் சொல்வது? அம்மா மேலேயே பழி கிடக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பின்னாலிருந்து அவன் நடந்து வந்தான். மச்சானின் கார் அடுத்த வரிசையில் நின்றிருந்தது.

"அண்ணே, எறங்கி கொஞ்சம் தண்ணி குடிங்க. நான் பாத்துக்கிறேன்."

இறங்கினேன். அவன் உட்கார்ந்தான். ஸ்டியரிங்கில் பெட்ரோலையும் தீப்பொறியையும் கூட்டிக் குறைக்கும் கைப்பிடிகளில் ஒன்றை ஒரு பல் ஏற்றினான், இன்னொன்றை ஒரு பல் இறக்கினான், அவ்வளவுதான். கார் கர்ப்பிணி நடப்பதுபோல நகர்ந்தது. இடுகாடு வரை ஒரு முறைகூட நிற்கவில்லை. என் காருக்குப் பின்னால் நான் நடந்து போனேன். வழியெல்லாம் கிழவிகள் அவனைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டார்கள்.

காரியங்கள் முடிந்த பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். கோபமில்லை. அம்மா அவன் கையை நம்பித்தான் கிளம்பினாள், அம்மா காட்டிய ஆளை நான் தள்ள முடியுமா என்று மலாய் மொழியில் மெதுவாகக் கேட்டார். மச்சானும் சம்மதித்துவிட்டாராம். இனி அந்தக் காருக்கு அவன். எனக்குப் புக்கிட் மெர்தாஜாம் கிடங்கில் அரிசி லோரி. செத்துப்போன அம்மாவோடு எப்படி வாதாடுவது? சரி என்றேன்.

சாவியைக் கொடுத்ததும் அவன் அந்தக் காரை ஒரு வட்டம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினான். முகமெல்லாம் சிரிப்பு. அதில் துளி கிண்டலாவது இருந்தால் ஓங்கி ஒன்று வைத்திருப்பேன்.

"இதுல பிளைவீல் என்னா அருமையா இருக்குண்ணே! என் காலுக்கே அளவெடுத்த மாதிரி. யாரு பாத்து எடுத்தது?"

"நான்தான்" என்றேன்.