கயிற்றின் கடைசியில் நின்றவர்

கலேவெலச் சந்தையில் என்னைப்போல் சொந்தக் காலில் நின்று முன்னேறியவன் கிடையாது. இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் கயிறு இழுக்க எங்கள் கடைவீதி அணிக்கு நான்தான் தலைவன். தோற்றால் என் மீசையை எடுத்துவிடுவதாக எதிரணி லாரிக்காரர்களிடம் சவாலும் விட்டிருந்தேன்.

"வயிறு காலியா இருந்தாத்தான் உடம்பு வளையும்" என்று காலையிலிருந்து எங்கள் ஆட்கள் யாரையும் சாப்பிட விடவில்லை. சாப்பாட்டுக்கடைச் சமையல்காரர் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. கழுத்தே தெரியாத பெரிய உடம்பு அவருக்கு. விறகு பிளப்பதென்றாலும் முதலில் ஒரு தட்டுச் சோறு உள்ளே போயாக வேண்டும். போட்டிக்குக் கூப்பிடப் போனால், பலாக்காய்க் கறியோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இப்பவா திங்கிறது? இழுக்கிறப்போ வாந்திதான் வரும்!"

"நீங்க இழுங்க மொதலாளி. நான் பாரமா இருக்கேன்."

கயிற்றின் நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தார். விசில் ஊதினார்கள். பசியில் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகச் சறுக்கி விழுந்தார்கள், நானும்தான். கயிறு மட்டும் நகரவே இல்லை. லாரிக்காரர்கள் இழுத்து இழுத்துக் கை ஓய்ந்து, கடைசியில் கயிற்றை விட்டுவிட்டார்கள்.

மீசை தப்பிய சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடிக்க ஓடினேன். வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

என் தலைமையால்தான் வென்றோம் என்று இன்றைக்கும் சொல்லி வருகிறேன். ஆனால் மீசையைத் தடவும்போதெல்லாம் ஒரு சந்தேகம் வரும்: அந்த மனிதர் எப்போது தூங்கத் தொடங்கினார்?