இரவல் சங்கிலி

மகளின் கல்லூரி உதவித்தொகை நேர்காணலுக்குப் பெற்றோரும் வரவேண்டும் என்றார்கள். பெரிய மனிதர்கள் முன்னால் வெறும் மஞ்சள் கயிற்றோடு நிற்பதா என்று, என் மனைவி பக்கத்து வீட்டு அக்காவின் தங்கச் சங்கிலியை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அதிகாரி அவள் கழுத்தைப் பார்த்தார். "இவ்ளோ நகை இருக்கு, உதவி எதுக்கும்மா?"

"இரவல் சார்," என்றாள் மகள்.

"இங்க வர்றவங்க எல்லாரும் இரவல்னுதாம்மா சொல்றாங்க."

மறுநாள் அக்காவே நேரில் போய், அது தன் சங்கிலிதான் என்று சாட்சி சொன்னார். மகளுக்கு உதவித்தொகை கிடைத்தது.

அக்காவின் மகளும் அங்கேதான் மனு போட்டிருந்தாள். நகை உள்ள வீட்டுக்கு உதவி கிடையாது என்று பதில் வந்தது.

"பரவால்ல தம்பி, சங்கிலியே படிக்க வைக்கட்டும்," என்று அக்கா அதை அடகுக்கடைக்குக் கொண்டுபோனார்.