நாத்தனார் பார்க்க வந்த ஸ்கூல்

என் நாத்தனாரிடம் நான் சொன்ன பொய் மிகச் சின்னதாகத்தான் ஆரம்பித்தது.

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கன்னட அம்மா தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் டேகேர் நடத்திவந்தார். காலை எட்டரைக்கு விட்டால் மாலை ஆறரைக்கு அழைத்துக்கொள்ளலாம். இதைக் கேள்விப்பட்டு ராணிப்பேட்டையிலிருந்து நாத்தனார் போன் செய்தார்.

"டேகேரா? யார் வூட்டுலயோ புள்ளய வுட்டுட்டு இன்னாம்மா வேல?"

"ஐயோ, டேகேர் இல்ல அண்ணி. ப்ரீஸ்கூல்."

என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

நிஜமான ப்ரீஸ்கூல் ஒன்றைப் போய்ப் பார்க்காமலும் இல்லை. மூன்று வயது முடிந்திருக்க வேண்டும் என்றார்கள். ஒன்பதரைக்கு ஆரம்பித்து வண்ணம், வடிவம், பாட்டு, வரிசையில் நிற்பது எல்லாம் சொல்லிக்கொடுத்துப் பன்னிரண்டரைக்கு விட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் குழந்தையை என்ன செய்வது என்று கேட்டேன். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும் மேடம்" என்றாள் அங்கிருந்த பெண், என்னைப் பரிதாபமாகப் பார்த்து.

அடுத்தடுத்த போன்களில் எங்கள் பொய்ப் பள்ளிக்கு யூனிஃபார்ம் வந்தது, ஆண்டு விழா வந்தது. கணவர் தன் பங்குக்கு ஒரு பிரின்சிபாலையும் நியமித்தார்.

அப்படியிருக்க, ஒரு கல்யாணத்துக்காக நாத்தனார் பெங்களூர் வந்து எங்கள் வீட்டில் நான்கு நாள் தங்கினார். முதல் நாள் சாயங்காலமே மகளை மடியில் இருத்திப் பரீட்சை வைத்தார்.

"ஸ்கூல்ல இன்னா சொல்லிக்குடுத்தாங்க? அத்தைக்குச் செஞ்சு காட்டு."

மகள் ஒரு தலையணையை இழுத்துப் போட்டு, அதைத் தட்டித் தட்டி, "மல்கோ... மல்கோ..." என்றாள்.

கன்னடத்தில் தூங்கு என்று அர்த்தம். "அது கன்னட ரைம்ஸ் அண்ணி" என்றேன்.

அடுத்து ஒரு ஸ்பூனை எடுத்து அத்தையின் வாயருகே கொண்டுபோய், "ஒந்தே ஒந்து!" என்றாள். ஒரே ஒரு வாய் என்று டேகேர் அம்மா கெஞ்சுவது.

"ஒந்துன்னா ஒண்ணு. நம்பர் சொல்லித் தர்றாங்க."

"அப்போ ரெண்டு?"

"அது அடுத்த வருஷம்" என்றார் கணவர்.

நாத்தனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்கி நானே போயி கூட்டியாறேன். எத்தினி மணிக்கி வுடுவாங்க?"

நாலு மணி என்று சொல்லிவிட்டு, மாடிக்கு ஓடி டேகேர் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஒரு நாளைக்கு மட்டும் பிரின்சிபாலாக இருக்க முடியுமா என்று கேட்டேன். அவர் தன் கன்னடத் தமிழில் தீர்மானமாகச் சொன்னார்: "பொய் எனக்கு வராதும்மா. வேணும்னா ஒரு சார்ட் ஒட்டிக்கோங்க."

மறுநாள் காலை கணவர் ஏபிசிடி சார்ட் ஒன்றை அங்கே ஒட்டிவிட்டு வந்தார். நான் ஆபீசில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரை ஆயிற்று. நாத்தனார் போனை எடுக்கவில்லை. டேகேர் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"மெல்ல பேசும்மா" என்றார் கிசுகிசுப்பாக. "உங்க அண்ணி தூங்கறாங்க."

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று நாத்தனார் இரண்டு மணிக்கே போயிருக்கிறார். திரை போட்ட அறையில் எட்டுக் குழந்தைகளும் பாயில் படுத்திருக்க, என் மகள் மட்டும் முழித்துக்கொண்டிருந்தாளாம். அத்தையின் புடவையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் படுக்கவைத்துத் தட்டியிருக்கிறாள். விடியற்காலையில் எழுந்து எங்கள் பரணையெல்லாம் துடைத்திருந்தவர், மின்விசிறிக் காற்றில் அப்படியே தூங்கிப்போய்விட்டார். பிள்ளைகள் எழுந்து பால் குடித்து, அவரைத் தாண்டித் தாண்டி விளையாடியும் அவருக்குத் தெரியவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். கன்னத்தில் பாயின் கோடுகள் அழியவில்லை.

"அது ஸ்கூலா?"

"இல்ல அண்ணி."

"தெரியும். அந்தம்மாவே சொல்லிச்சு. ஸ்கூல்ல பாடம் சொல்லிக்குடுத்து அனுப்பிடுவாங்க, நான் புள்ளைங்கள வெச்சுப் பாத்துக்கறேன்னுச்சு." கன்னத்தைத் தடவிக்கொண்டார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து மத்தியானத்துல என்னிய ஒருத்தரும் தட்டித் தூங்க வெக்கலம்மா" என்றார்.

திட்டு வாங்கத் தயாராக நின்ற நான் காபி போடப் போனேன். அடுத்த நாள், சாப்பாடு முடிந்ததும், பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அவர் மறுபடி அங்கே கிளம்பினார். கையில் தலையணை எடுத்துப் போனதாகக் கணவர் சொல்வதை நான் நம்பவில்லை.

மகளுக்கு மூன்று வயது முடிந்ததும் ப்ரீஸ்கூலில் சேர்த்தோம். பன்னிரண்டரைக்கு டேகேர் அம்மாவே போய் அழைத்துவந்து மாலைவரை வைத்துக்கொள்கிறார். சந்தோஷமாக நாத்தனாருக்குப் போன் செய்து, பிள்ளை ஸ்கூல் போகிறாள், நிஜ யூனிஃபார்ம், நிஜ பிரின்சிபால் என்றேன்.

"நீ சொல்றது இருக்கட்டும்" என்றார். "கொழந்தகிட்ட போன குடு."