பின்புறம் எழுதாத செப்பேடு

சுற்றறிக்கை நோட்டு வந்தபோது நான் ஏழாம் வகுப்புக்குப் பூசணிக்காய் வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பியூன் மாடசாமி நோட்டை மேசைமேல் விரித்துவைத்தார். நம் பள்ளியின் முன்னாள் சரித்திர ஆசிரியர் சங்கரலிங்கம் இன்று காலை காலமானார், பிற்பகல் பள்ளிக்கு விடுமுறை என்று தலைமையாசிரியர் எழுதியிருந்தார். படித்ததற்கு அடையாளமாகக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு முன் ஆறு பேர் போட்டிருந்தார்கள். எனக்குக் கை எழவில்லை. மாடசாமி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பொறவு வாரேன் சார்" என்று நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஆசிரியர்கள் அறைக்குப் போனேன். இரண்டு வருஷத்துக்கு முன் சேர்ந்த ஒரு இளம் ஆசிரியர், "யாரு, அந்தக் கள்ளப் பட்டய வாத்தியாரா?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சங்கரலிங்கம் அண்ணனைக் கண்ணால் பார்த்ததில்லை, காதில் விழுந்ததைத்தான் சொன்னார். ஆனால் அவரை அறிந்த நமக்கும் அந்தப் பெயர் தெரியும். நம்மில் சிலர் அதைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறோம். அது அவர்மேல் எப்படி ஒட்டியது என்பதைச் சொல்லாமல், நல்லவர், வல்லவர் என்று நம் ஆசிரியர் சங்க மலருக்கு நான் எழுதிக்கொண்டே போனால் அது அஞ்சலி ஆகாது.

பாடப்புத்தகத்தில் இங்கிலாந்து அரசர்களுக்குப் படம் இருந்தது. நம் பக்கத்துப் பாண்டியர்களுக்கு நாலு வரிதான் இருந்தது. யுத்தத்துக்கு முந்தைய அந்த வருஷங்களில் ஒருநாள் அண்ணன் என் அறைக்கு வந்து, "பாய், கண்ணுல காட்டாம எதைச் சொன்னாலும் பயலுகளுக்கு அது கதைதான். நீங்க செஞ்சு தாங்க, நான் பேசுறேன்" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தோம். களிமண்ணில் மீன் முத்திரைக் காசுகள், மரத்தில் வாள், காகிதக்கூழில் கிரீடம் என்று அலமாரி நிறைந்தது. கோச்சடையில் பானை வனையும் ஒரு வேளாரிடம் சொல்லி ஆளுயர முதுமக்கள் தாழி ஒன்றுகூடச் செய்து வாங்கினோம்.

அந்தத் தாழி வந்த தினத்தை மறக்க முடியாது. இறந்தவரை அதில் எப்படி உட்கார வைத்தார்கள் என்று காட்டுகிறேன் பேர்வழி என்று அண்ணன் ஸ்டூல்மேல் ஏறி உள்ளே இறங்கினார். முழங்காலைக் கட்டி உட்கார்ந்தும்விட்டார். ஆனால் அவருடைய தொந்தி அந்தக் காலத்துப் பாண்டிய நாட்டாருக்கு இருந்திராது போலும். எழுந்திருக்க முடியவில்லை. நானும் நாலு பையன்களும் இழுத்துக்கொண்டிருக்கும்போது தலைமையாசிரியர் உள்ளே வந்தார். அண்ணன் தாழிக்குள்ளிருந்தபடியே கும்பிட்டு, "மன்னிக்கணும் சார், எந்திரிச்சு மரியாதை செய்ய முடியல. நான் செத்து எம்புட்டோ காலமாச்சு" என்றார். தலைமையாசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார்.

விளையாட்டுப் போல இருந்தாலும் ஒரு விஷயத்தில் அவர் கறாராக இருந்தார். செய்த ஒவ்வொரு பொருளின் அடியிலோ பின்புறத்திலோ "மாதிரி" என்று எழுதியாக வேண்டும். "நாம செய்யுறது பொய் இல்ல பாய், வேஷம். வேஷம் போட்டவன் அதைக் கலைச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்" என்பார். எழுதுவது என் பொறுப்பு. காசிலிருந்து தாழி வரை எழுதினேன். ஒன்றே ஒன்றில் எழுதவில்லை.

அது ஒரு செப்பேடு. அரசன் ஊருக்குத் தண்ணீர் உரிமை கொடுப்பதைப் பாடமாக நடத்த, அண்ணன் ஒரு வாசகம் எழுதிக்கொடுத்தார். பையன்களுக்கு ஆர்வம் வரட்டும் என்று வகுப்புப் பையன் ஒருவனின் ஊரையே அதில் வைத்தார். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரே கண்மாயில் பாயும் வடக்கூர், தெக்கூர் என்ற இரண்டு சிற்றூர்கள். கண்மாய்த் தண்ணீர் முதலில் தெக்கூருக்குப் பாய வேண்டியது என்று பாண்டிய மன்னன் ஆணையிட்டதாக வாசகம். பழைய வட்டெழுத்தில் உளியால் வெட்டினேன். புளித்த மோரில் நாள் கணக்கில் ஊறப்போட்டுக் களிம்பு ஏற்றினேன். வெளியே எடுத்தபோது நானே அசந்துபோனேன். பச்சை படர்ந்த அந்தப் பின்புறத்தில் "மாதிரி" என்று புது வெட்டு விழுந்தால் அழகு கெட்டுவிடும் என்று தோன்றியது. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். என் கைவேலைமேல் எனக்கு இருந்த கர்வம், வேறொன்றும் இல்லை. அண்ணன் திருப்பிப் பார்க்கவில்லை. என்னை நம்பினார்.

பள்ளி ஆண்டுவிழாக் கண்காட்சிக்கு அந்தப் பையனின் தகப்பனார் வந்தார். அவர் தெக்கூர் மணியக்காரர். அண்ணன் செப்பேட்டை வாசித்துக்காட்ட, அவர் தன் ஊர்ப் பெயரைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டார். ஊரில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று செப்பேட்டைக் கேட்டார். அண்ணன் சந்தோஷமாக, வாசகத்தைத் தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுத்தனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து, வடக்கூர் விவசாயி ஒருவர் பள்ளிக்கு வந்தார். மதுரைக்கு வேறு வேலையாக வந்தவர், ராசாவின் பட்டயத்தைக் கண்டெடுத்த வாத்தியாரைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தாராம். செப்பேடு அய்யனார் கோயிலில் பூச்சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்றும், தண்ணீர் இப்போது முதலில் தெக்கூருக்குத்தான் என்றும் சொன்னார். முறை வைத்துப் பாய்ச்சிய வழக்கத்தை விட்டுவிட்டார்களாம். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க ஒண்ணும் கேக்கலையா?" என்றார்.

"ராசா சொன்னதுக்கு மேல நாங்க என்னத்த கேக்க? எங்க நாத்து காயுது, அம்புட்டுத்தான்."

அவர் புகாராகச் சொல்லவில்லை. அதுதான் அண்ணனைக் கொன்றது. அந்தச் சனிக்கிழமையே என்னை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். போகும் வழியில்தான், பின்புறம் நான் எழுதவில்லை என்பதை அவரிடம் சொன்னேன். "உளி கொண்டாந்திருக்கீங்கள்ல?" என்று மட்டும் கேட்டார்.

கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு ஊரும் கூடிவிட்டது. அண்ணன் கும்பிட்டுவிட்டு, "இது ராசா சொன்னது இல்ல. நான் எழுதுனது. பயலுகளுக்குப் பாடம் நடத்தச் செஞ்சது" என்றார். யாரும் நம்பவில்லை. மணியக்காரர் முன்னால் வந்தார்.

"வடக்கூரான் மெரட்டிக் கூட்டியாந்தானா வாத்தியாரே? கண்காச்சியில நான் ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாத்தேன். எல்லாத்துலயும் மாதிரின்னு எழுதியிருந்துச்சு. இதுல இல்ல. அப்ப இது அசல்தானே?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் தோள்பையிலிருந்து ஒரு புதுச் செப்புத்தகட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "வெட்டுங்க பாய். இந்தக் கண்மாயும் அதுல உள்ள மீனும் வாத்தியார் சங்கரலிங்கத்துக்கேன்னு பாண்டிய ராசா கொடுத்ததா வெட்டுங்க" என்றார். கூட்டத்தில் பெண்கள் சிரித்தார்கள். நான் வெட்ட ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உளிச் சத்தம் மட்டும் கேட்டது. அரை மணி நேரத்தில் இரண்டு வரி முடிந்தது. மணியக்காரர் கோயிலிலிருந்து பழைய தகட்டைக் கொண்டுவரச் செய்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து விரலால் தடவிப் பார்த்தார். ஒரே கை. அவரே பூவை எடுத்துவிட்டு, குங்குமத்தைத் துண்டால் துடைத்து, செப்பேட்டை அண்ணனிடம் கொடுத்தார்.

"எங்க ஊருக்குன்னு ஒரு ராசா ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனாருன்னு ரெண்டு மாசம் சந்தோசமா இருந்தோம் வாத்தியாரே" என்றார்.

அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அன்று மாலையே தண்ணீர் பழையபடி முறைக்குத் திரும்பியது. வடக்கூரில் பாதி நாற்று பிழைத்தது.

ஆனால் யாரோ பள்ளி நிர்வாகத்துக்கு எழுதிப்போட்டார்கள். பொய்ப் பட்டயம் தயாரித்து ஊருக்குள் கலகம் மூட்டிய ஆசிரியர் என்று கடிதம். அடுத்த தலைமையாசிரியர் அண்ணன்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. விசாரணை நடந்தபோது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது. மற்ற எல்லாவற்றிலும் "மாதிரி" இருக்க, இதில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார்கள். "நான்தான் மறந்துட்டேன். தப்பு என்னோடது" என்றார் அண்ணன்.

எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். என் கால் எழவில்லை. வெளியே வந்தவரிடம், நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "எனக்குப் பதவிதான் போகும். உங்களுக்கு வேலையே போயிரும். மூணு பொம்பளப் பிள்ளைகள வச்சிருக்கீங்க. சும்மா இருங்க பாய்" என்றார். நான் சும்மா இருந்துவிட்டேன். இரண்டாம் முறை கேட்கக்கூட இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது. அண்ணனிடமிருந்து சரித்திரத்தை எடுத்துவிட்டு, சின்ன வகுப்புகளுக்குப் பூகோளம் கொடுத்தார்கள். அலமாரி பூட்டப்பட்டது. அவர் முகம் கோணவில்லை. ஓய்வு பெறும் வரை தினமும் மத்தியானம் என் அறைக்கு வந்து டீ குடித்தார். இந்தப் பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை. முதுகுக்குப் பின்னால் பையன்கள் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லும்போது, கேட்காதவர் போலப் போய்விடுவார். நான்தான் காதைப் பொத்திக்கொள்வேன்.

நேற்று அவர் வீட்டுக்குப் போய் அண்ணியைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அண்ணி, "தெரியும் தம்பி. அன்னைக்கே சொன்னாக. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக" என்றார்கள். இத்தனை வருஷமும் ஒவ்வொரு பெருநாளுக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, என் பெண்களுக்குப் பூ வைத்துவிட்டுப் போனவர்கள் அவர்கள்.

அண்ணனுடைய நினைவாக உங்களிடம் என்ன இருக்கிறது என்று சங்கத்தார் கேட்டார்கள். புத்தகமோ படமோ என்னிடம் எதுவும் இல்லை. இந்தப் பள்ளியில் நான் பார்க்கும் டிராயிங் மாஸ்டர் வேலைதான் அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. இந்தக் கட்டுரையின் ஒரு பிரதியை இன்று காலை நிர்வாகத்தாரிடம் என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். அந்த வேலையை என்ன செய்வதென்று அவர்கள் சொல்லட்டும்.