அந்தத் தொடர் திட்டா, இல்லையா?

சாந்தோமில் ஒரு கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வந்தேன். வருகிறவர்களில் ஒருவர், ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டில் சமைக்கிற அக்கா. அடையாற்றங்கரையில் இருந்த அவர் வீட்டை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் இடம் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவார்.

ஒருநாள் வகுப்பு முடிந்தும் அவர் கிளம்பவில்லை.

"மிஸ், 'ஹியர் டுடே, கான் டுமாரோ'ன்னா இன்னா?"

"இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. நிலையில்லாததைச் சொல்றது."

"அது புரியுது மிஸ். திட்டா, இல்லையா? நான் சமைக்கிற வீட்டம்மா போன்ல பேசிக்கினு இருந்தாங்க. 'குக்'குன்னாங்க, அப்பால இதைச் சொன்னாங்க."

அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். பொருள் தெரிந்த தொடர்தான். எந்தக் குரலில் சொல்வார்கள் என்று யோசித்ததே இல்லை. அந்த வாரம் முழுக்க அதே நினைப்பாக இருந்தது. வாழ்க்கையை நீர்க்குமிழி என்று நாம் சொல்லும்போது அதில் இரக்கம் இருக்கிறது, நாமும் அந்தக் குமிழிதான். ஆங்கிலத் தொடருக்குக் கிடைத்த உதாரணங்களோ வேறு மாதிரி: திறந்த வேகத்தில் மூடும் கடை, வந்து போகும் ஃபேஷன். ஆட்களைச் சொன்னால் பெரும்பாலும் 'நம்ப முடியாதவர்' என்ற குத்தல்.

அடுத்த சனிக்கிழமை மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப திட்டுதான்" என்றார். "பதினோரு வருசமா அங்க கீறேன் மிஸ்."

மறுவாரம் வந்ததும், "கேட்டுட்டேன்" என்றார். "'மேடம், மை ஹவுஸ் கான். ஐ நாட் கான்'னேன்."

"அவங்க?"

"பதறிட்டாங்க. 'ஐயோ, உன்னையா சொல்வேன்? என் பொண்ணு வீட்ல மாசத்துக்கு ஒரு ஆள் மாறுது, அதைச் சொன்னேன்'னாங்க."

"நம்பினீங்களா?"

"நம்பாம? அந்தப் பொண்ணு வாய்க்கு எவ நிப்பா?"

பார்த்தே இராத ஓர் அம்மாவை இரண்டு வாரமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் பேசுன இங்கிலீஷ் சரியா மிஸ்?"

'ஹவுஸ்' பக்கத்தில் ஒரு 'இஸ்', 'ஐ' பக்கத்தில் ஒரு 'ஆம்' விட்டுப்போயிருந்தன. அன்றைக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.