தம்ளருக்குக் கீழே புள்ளடி

வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த அறையில், என் பையை யாரோ திறந்து மூடியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ! வீட்டுக்கார அன்ரியைத் தவிர அந்த வீட்டில் வேறு ஆளில்லை. உள்ளே ஒரு போத்தல் ஐதான அமிலமும், கொட்டாஞ்சேனையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வாங்கிய, படம் கழுவுகிற ஹைப்போ உப்பும் இருந்தன. உயர்தர மாணவர்களுக்குத் தாக்கவீதம், அதாவது ஓர் இரசாயனத் தாக்கம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்று, படிப்பிக்க வைத்திருந்தேன். ஸ்டூடியோக்காரரும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் தந்தார்.

யுத்த காலம். அந்தக் கிழமைதான் நகரில் குண்டு வெடித்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் பெயரை அன்ரி பொலிஸில் பதிந்தபடியால்தான் நான் கொழும்பில் இருந்தேன். அவர் கைவிட்டால் அறையும் போகும், வகுப்பும் போகும். அடுத்த பொலிஸ் செக்கிங்கில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவர் சந்திக் கடையில் நின்று சிங்களத்தில் குசுகுசுத்தாலே நான் காதைத் தீட்டிக்கொள்வேன். யாரிடம் என்ன சொல்கிறாரோ!

அன்று பின்னேரம் நேராகவே கேட்டார்.

"பிள்ளை, அந்தப் போத்தலில என்ன?"

"பாடத்துக்கு அன்ரி. சத்தியமாப் பாடத்துக்கு."

"என்ன கோதாரிப் பாடமோ! செக்கிங்குக்கு வாறவங்களுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. செய்தே காட்டுகிறேன் என்று குசினி மேசையில் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை வைத்தேன். ஒவ்வொன்றின் கீழும் கடதாசியில், மேலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி. ஒன்றில் ஹைப்போக் கரைசல். மற்றதில் அதே கரைசல் பாதியளவு, மீதிக்குத் தண்ணீர். முதலாவதில் அமிலத்தை விட்டதும் கரைசல் மெல்ல மெல்லக் கலங்கிப் பால் போலாகி, புள்ளடி மறைந்தது. எடுத்த நேரத்தைக் கைமணிக்கூட்டில் பார்த்துக்கொண்டேன்.

"மற்றது இதைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுக்கும் அன்ரி. பாருங்கோவன்."

அன்ரி நம்பவில்லை. மணிக்கூட்டைக் கழற்றித் தரச் சொல்லித் தானே பிடித்துக்கொண்டார். நான் ஏதும் சுத்துமாத்துச் செய்வேன் என்ற நினைப்பு! மற்றதிலும் அதே அளவு அமிலத்தை விட்டேன். நான் சொன்ன நேரத்துக்கே இரண்டாவது புள்ளடியும் மறைந்தது. எனக்கோ வகுப்பில் நிற்கிற உற்சாகம். செறிவு பாதியானால் வேகமும் பாதி, ஆகவே ஹைப்போவைப் பொறுத்து இது முதலாம் வரிசை. வெப்பநிலை மாறாதவரை வீத மாறிலியும் மாறாது. அது தெரிந்தால் எந்தக் கலவைக்கும் நேரத்தை முன்கூட்டியே சொல்லலாம் என்று அளந்துகொண்டே போனேன்.

கந்தக மணம் தாங்காமல் அன்ரி யன்னலைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, உடனே மூடினார்.

"அப்ப, எப்ப நடக்கும் எண்டு உமக்கு முதலே தெரியும்?"

"ஓம் அன்ரி!"

"பிந்தப் பண்ணவும் தெரியும்?"

"ஓம். தண்ணியைக் கூட்டினாச் சரி."

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். குண்டுக்கு நேரம் குறிக்கிற ஆளைப் பார்ப்பதுபோலப் பயந்துபோய் நின்றார்.

"உம்மில எனக்குச் சந்தேகமில்லை, பிள்ளை," என்றார். "ஆனா இவ்வளவு நாளும் அவங்கள் கேட்டா, எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லியிருப்பன். இப்ப எல்லாம் வடிவா விளங்கிப் போச்சு, இனி அப்பிடிச் சொல்லேலாது. நாளைக்கே வேற இடம் பாரும்."