லாமுனுவின் உறவுக்கார வெளிச்சங்கள்

“மூச்ச இழுங்க… அப்படியே புடிங்க!” என்று சொல்லிவிட்டு, ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் லாமுனுவும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். ஒரு நாளைக்கு நாற்பது நெஞ்சு என்றால் நாற்பது முறை. கேட்டால், “எனக்கு முட்டினாத்தான அவங்களுக்கு முட்டறது தெரியும்?” என்பாள்.

கிட்கும் ஊர் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறாள். எதிர் அறையில் காசநோய் மாத்திரை கொடுப்பவன் நான். பத்து மணிக்கு ஒரு எள்ளுருண்டை தின்பாள், யாருக்கும் தரமாட்டாள். கர்ப்பமா என்று எல்லாப் பெண்களையும் கேட்பாள், எழுபது வயதுக்காரியையும். “கேக்கறதுக்கு என்ன, சிரிச்சிட்டுப் போகட்டும்.”

போன வருடம் மழைக்கு முன்பு வெல்டர் ஓயெட்டை அவன் மனைவி அச்சிரோ இழுத்துவந்தாள். மூன்று மாத இருமல். வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள். அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“நான் வரலம்மா. எக்ஸ்ரே உள்ள போயி குடலக் கருக்கிடுமாம்.”

லாமுனு கைபேசி விளக்கைப் போட்டு உள்ளங்கையால் மூடினாள். விரல்கள் சிவப்பாக ஒளிர்ந்தன. “எலும்பு தெரியுதா?”

“இல்ல.”

“இந்த வெளிச்சத்துக்கு அவ்வளவுதான் தெம்பு. ரேடியோல பாட்டக் கொண்டாறது, அடுப்புச் சூடு, இது, எக்ஸ்ரே எல்லாம் ஒரே குடும்பம். ரேடியோ அலை சாது. உன் வெல்டிங் பொறியிலயும் அந்தக் குடும்பத்துல ஒண்ணு இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி போடாம வேல செஞ்சா, கண்ணுல மண்ணள்ளிப் போட்ட மாதிரி எரியுதா இல்லியா?”

“எரியும்.”

“எக்ஸ்ரே அதவிடப் பலசாலி. அதான் சதையத் தாண்டிப் போகுது. ஒண்ணும் பண்ணாதுன்னு பொய் சொல்லமாட்டேன். பலசாலிங்கறதாலதான் ஒரே ஒரு தடவ, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிச்சிடறேன். நீ தினம் அந்தப் பொறிய வெறுங்கண்ணால பாக்கற. இதுக்கா பயப்படற?”

அச்சிரோ சிரித்துவிட்டாள். ஓயெட் சட்டையைக் கழற்றினான்.

வலது நுரையீரலின் மேல்பாகத்தில் பஞ்சு போல வெள்ளைத் திட்டு. சளிப் பரிசோதனையும் காசநோய் என்றே சொன்னது. “இப்பவாச்சும் வந்துட்ட, பொழச்ச” என்று அவனை என் அறைக்கு அனுப்பினாள். ஆறு மாதம் ஒரு வேளை தவறாமல் மாத்திரை விழுங்கினான். குழந்தைகளையும் சோதித்தோம். அவர்களுக்கு ஒட்டவில்லை.

நேற்று மறுபடியும் படம் எடுத்தாள். நல்ல நுரையீரல் படத்தில் கறுப்பாகத்தான் விழும், அது தெரியாமல் அச்சிரோ அந்தக் கறுப்பைக் கண்டு மிரண்டுபோய், “இன்னும் இருக்கா?” என்று கேட்டாள்.

லாமுனு பழைய படத்தையும் புதியதையும் சன்னல் வெளிச்சத்தில் அருகருகே ஒட்டினாள். அச்சிரோவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த வெள்ளைத் திட்டின் மேல் வைத்தாள். பிறகு அதே விரலை மெல்ல நகர்த்தி, புதிய படத்தில் அதே இடத்தின் கறுப்பில் வைத்து, அவளாகப் புரிந்துகொள்ளும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.